இதயத்தைப் பற்றிக் கேட்காத படிவம்: ஹெல்த்கேர்.கவ் வழியாக வாங்கிய இன்சூரன்ஸ், மூன்றாம் ஆண்டில்

2022 நவம்பர் கடைசியில் வேலையை விட்டேன். டிசம்பர் முதல் வாரம், தனியாக இன்சூரன்ஸ் வாங்குபவர்களுக்கு அமெரிக்க அரசு நடத்தும் ஹெல்த்கேர்.கவ் தளத்தில் உட்கார்ந்து எனக்கும், என் மனைவிக்கும், கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரு சில்வர் பிளான் எடுத்தேன். 2023 ஜனவரி 1 முதல் அதில்தான் இருக்கிறோம். இதை எழுதும் 2025 மூன்றாவது ஆண்டு. மிச்சிகனில் இப்ஸிலாண்டி பக்கம் இருக்கிறோம். சொந்தத் தொழில் தொடங்கலாமா என்று யோசிக்கிற நம்மவர்கள் பலர் இன்சூரன்ஸை நினைத்துத் தயங்குவதைப் பார்க்கிறேன். அவர்களுக்குத்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் படிவம். வயது, ஜிப் கோடு, குடும்பத்தில் எத்தனை பேர், குடியுரிமை நிலை, அடுத்த ஆண்டு எவ்வளவு சம்பாதிப்பீர்கள், வேறு வேலை வழியாக இன்சூரன்ஸ் கிடைக்குமா, புகை பிடிப்பீர்களா. ஏறத்தாழ இவ்வளவுதான் கேட்டார்கள். கடைசிப் பக்கம் வரை போய்விட்டு, எதையோ விட்டுவிட்டோம் என்று நினைத்து முதலிலிருந்து திரும்பப் பார்த்தேன். எதுவும் விடுபடவில்லை. என் இதயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நான் ஏன் அப்படித் தேடினேன் என்பதைச் சொல்லவேண்டும். எனக்குப் பதினோரு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. தொண்டை வலி, பிறகு முட்டி வீக்கம், பிறகு வருடக்கணக்கில் 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி. எங்கள் ஊரில் அந்த ஊசி போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்த பிள்ளைகள் நான் ஒருவன் மட்டும் இல்லை. அதனால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போய், 22 வயதில் வேலூரில் பலூன் வைத்து அதை விரித்தார்கள். அதற்குப் பிறகு நன்றாகவே இருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், மட்டும் எடுத்தாக வேண்டும்.

2009 ஜனவரியில் ஆட்டோ தொழில் சரிந்தபோது என் வேலை போனது. அந்த ஏப்ரலில் கிரைஸ்லரும் ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸும் திவால் மனு கொடுத்த ஆண்டு அது. உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளில் இருந்த எங்களைக் கேட்க ஆள் இல்லை. பழைய கம்பெனி இன்சூரன்ஸையே கோப்ரா சட்டப்படி 18 மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் முழு பிரீமியத்தையும் அதற்கு மேல் 2 சதவீதத்தையும் நாமே கட்டவேண்டும். அந்த ஆண்டு அரசு 65 சதவீதத்தை முதலில் ஒன்பது மாதத்துக்கு ஏற்றுக்கொண்டதால் தப்பித்தோம். அது முடிகிற நேரத்தில் தனியாக ஒரு பாலிசி வாங்கப் போனேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். படிவத்தில் பக்கம் பக்கமாகக் கேள்விகள். பத்து ஆண்டில் எந்த டாக்டரைப் பார்த்தீர்கள், ஏன் பார்த்தீர்கள், என்ன மருந்து, இதய நோய் உண்டா, இருந்தால் தனித்தாளில் எழுதவும். நான் உண்மையை எழுதினேன். இரண்டு வாரத்தில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு கிடைத்த வேலையில் பன்னிரண்டு ஆண்டு இருந்தேன். பிடித்துப்போய் இருக்கவில்லை. அந்த வேலையோடு இன்சூரன்ஸ் வந்தது, அதனால் இருந்தேன். இங்கே இப்படி இருப்பவர்கள் நிறையப் பேர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வேலை மாற நினைத்தவர், தொழில் தொடங்க நினைத்தவர், அறுபது வயதில் ஓய்வெடுக்க நினைத்தவர் என்று எல்லோருடைய கணக்கிலும் முதல் வரி இன்சூரன்ஸ்தான்.

சரி, அந்தக் கேள்விகள் படிவத்திலிருந்து எப்படிப் போயின? ஒபாமாகேர் என்று பலரும் சொல்லும் 2010-ஆம் ஆண்டு அபோர்டபிள் கேர் சட்டம் அவற்றை எடுத்தது. இதைச் சொல்லாமல் இந்த பிளானைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தக் கதையின் பெரும்பகுதி எங்கள் தொகுதியில் நடந்தது.

எங்கள் பகுதிக்கு அப்போது நாடாளுமன்றத்தின் கீழவையில் உறுப்பினராக இருந்தவர் ஜான் டிங்கல். டியர்பார்ன்காரர், ஜனநாயகக் கட்சி. அவருடைய அப்பா பெயரும் ஜான் டிங்கல். அப்பாவுக்கு இளவயதில் காசநோய். காற்று மாற்றத்துக்காக கொலராடோ பக்கம் போய் இருந்தபோதுதான் 1926-இல் மகன் பிறந்தார். அப்பா 1932 தேர்தலில் டெட்ராய்டிலிருந்து ஜெயித்து காங்கிரஸுக்கு, அதாவது நாடாளுமன்றத்துக்குப் போனார். 1943-இல், செனட்டர்கள் வாக்னர், மர்ரி இருவரோடு சேர்ந்து, நாட்டில் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு தரும் மசோதாவைக் கொண்டுவந்தார். சமூகப் பாதுகாப்புக்குச் சம்பளத்தில் பிடிப்பது போல இதற்கும் பிடித்து, எல்லோருக்கும் மருத்துவம் தருவது அதன் அடிப்படை. 1945-இல் அதிபர் ட்ரூமனும் அந்தத் திசையில் பேசினார். அமெரிக்க மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. மசோதா நிறைவேறவில்லை.

1955-இல் அப்பா இறந்தார். அந்த இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் 29 வயது மகன் ஜெயித்தார். அதன்பின் ஒவ்வொரு புதிய காங்கிரஸ் கூடும்போதும், அதாவது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அப்பாவின் தேசிய மருத்துவக் காப்பீட்டு மசோதாவை எடுத்துத் தாக்கல் செய்தார். நிறைவேறாது என்று தெரிந்தும் செய்தார். 1957, 1967, 1977, 1987, 1997, 2007 என்று பத்துப் பத்தாக எண்ணினாலே எவ்வளவு காலம் என்று புரியும். நடுவே 1965-இல் முதியோருக்கான மெடிகேர் சட்டம் கீழவையில் நிறைவேறிய நாளில் அவைத்தலைவர் இருக்கையில் உட்கார்ந்து சுத்தியலைத் தட்டியவர் அவர்தான். அந்த மரச்சுத்தியலைப் பத்திரமாக வைத்திருந்தார்.

2009 வந்தபோது அவருக்கு வயது 82. முந்தைய நவம்பரில்தான் அவர் பல ஆண்டு தலைமை வகித்த எரிசக்தி, வணிகக் குழுவின் தலைமைப் பதவியை அவருடைய கட்சிக்காரரான ஹென்றி வாக்ஸ்மன் 137-க்கு 122 என்ற ஓட்டில் பறித்திருந்தார். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு ஒதுங்கியிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். டிங்கல் ஒதுங்கவில்லை. ஜூலையில் கீழவையில் வந்த சீர்திருத்த மசோதா, எண் 3200, அவர் பெயரில்தான் தாக்கலானது. ஆகஸ்டில் எங்களுக்கு அடுத்த ஊரான ரோமுலஸில் மக்கள் கூட்டம் நடத்தினார். ஊன்றுகோலோடு நின்றார். மாற்றுத்திறனாளி மகனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்த ஒரு தந்தை, இந்த மசோதா வந்தால் என் பிள்ளைக்குச் சிகிச்சை கிடைக்காது என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினார். அன்று மாலை அதை டிவியில் பார்த்தேன். வேலை போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்தத் தந்தையின் பயமும் என் பயமும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. நோய் இருப்பவரை விட்டுவிடுவார்களோ என்ற பயம்.

நவம்பர் 7 அன்று அவர் பெயரிலான அடுத்த மசோதா, எண் 3962, கீழவையில் 220-க்கு 215 என்று தப்பிப் பிழைத்தது. செனட் தனி மசோதாவை எழுதி, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலை 60-க்கு 39 என்று நிறைவேற்றியது. இரண்டையும் இணைத்து மறுபடி ஓட்டெடுக்கலாம் என்று இருந்தபோது, மசாசூசெட்ஸில் டெட் கென்னடி இறந்ததால் காலியான செனட் இடத்தைக் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் 2010 ஜனவரியில் பிடித்தார். எதிர்க்கட்சி தடுக்க முடியாதபடி நிறைவேற்றத் தேவையான 60 ஓட்டு செனட்டில் போயிற்று. இனி ஒரே வழி, செனட் மசோதாவை அப்படியே கீழவை ஏற்பது, பிறகு சாதாரணப் பெரும்பான்மை போதுமான பட்ஜெட் நடைமுறையில் தனித் திருத்தச் சட்டம் கொண்டுவருவது. மார்ச் 21, ஞாயிறு இரவு, 219-க்கு 212. அவைத்தலைவர் நான்சி பெலோசி அன்று கையில் வைத்திருந்தது டிங்கலின் 1965 சுத்தியல். இரண்டு நாள் கழித்து ஒபாமா கையெழுத்துப் போட்டபோது டிங்கல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கையெழுத்தான சட்டம் அவருடைய அப்பாவின் மசோதா அல்ல என்பதையும் சொல்லவேண்டும். கீழவை மசோதாவில் இருந்த அரசு நடத்தும் காப்பீடு செனட் மசோதாவில் இல்லாததால் சட்டத்திலும் இல்லை. எங்கள் பிளானை நடத்துவது ஒரு தனியார் கம்பெனிதான், கீழே சொல்லப்போகும் குறைகளில் பாதி அதிலிருந்து வருபவை. ஆனால் ஐம்பது ஆண்டு ஒரே மசோதாவைத் தாக்கல் செய்தவர், கடைசியில் கைக்கு வந்ததை ஏற்று ஓட்டுப் போட்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான். அவர் முழுசாகத்தான் வேண்டும் என்று அடம் பிடித்திருந்தால் என் படிவத்தில் அந்தக் கேள்விகள் இன்றும் இருந்திருக்கும்.

இனி பிளான். சில்வர் என்றால் சராசரியாக மருத்துவச் செலவில் 70 சதவீதத்தை பிளான் ஏற்கும். ப்ரான்ஸ் (வெண்கலம்) 60, கோல்டு 80, பிளாட்டினம் 90. இந்த உலோகப் பெயர்கள் தரத்தைக் குறிப்பதாக நினைத்துவிடாதீர்கள், டாக்டர் அதே டாக்டர்தான். செலவை யார் எவ்வளவு பங்கிடுகிறார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். 2023-க்கு எங்கள் வருமானம் 80,000 டாலர் இருக்கும் என்று மதிப்பிட்டுக் கொடுத்தேன். அரசு மானியம் இல்லாவிட்டால் மாதம் 1,130 டாலர் அளவுக்கு வந்திருக்கும், மானியம் போக 478 கட்டினோம். 2021-இல் கூட்டப்பட்ட மானிய விதிப்படி, அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் சில்வர் பிளானுக்கு யாரும் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்டவேண்டியிருக்கவில்லை. அந்தக் கூடுதல் மானியத்தைச் சட்டம் 2025 முடிவு வரைதான் வைத்திருந்தது. கணக்குப் போடும்போது இதை மறக்கவேண்டாம்.

நான் செய்த தவறு ஒன்று. தொழில் எதிர்பார்த்ததை விட நன்றாகப் போய் வருமானம் 92,000-ஐத் தொட்டது. ஆண்டு நடுவிலேயே தளத்தில் போய் அதை மாற்றியிருக்க வேண்டும். சோம்பலில் விட்டுவிட்டேன். வரி தாக்கலின்போது 1095-ஏ படிவத்தை வைத்துக் கணக்குப் பார்த்ததில், அதிகமாக வாங்கிய மானியம் சுமார் 2,000 டாலரைத் திருப்பிக் கட்டினேன். சொந்தத் தொழில்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமானத்தைப் பார்த்துத் தளத்தில் திருத்துங்கள். பிளானைத் தேர்ந்தெடுக்க நேவிகேட்டர் என்று பயிற்சி பெற்ற உதவியாளர்கள் இருக்கிறார்கள், கட்டணம் கிடையாது. எங்களுக்கு உதவிய பெண்மணி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, நான் பார்க்கும் டாக்டர்கள் ஒவ்வொருவர் பெயரையும் தட்டிப் பார்த்துச் சொன்னார். அவருக்கு ஐந்துக்கு ஐந்து.

டிடக்டிபிள்தான் வலிக்கிற இடம், அதாவது பிளான் தன் பங்கைத் தரத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் நாமே கட்டவேண்டிய தொகை. எங்கள் பிளானில் தலைக்கு 5,000 டாலர். எக்கோவுக்கு ஆன 640 டாலரும் என் பையிலிருந்துதான் போனது, ஏனென்றால் அந்த ஆண்டு 5,000-ஐ நான் தொடவில்லை. மாதம் 478 கட்டிவிட்டு இதையும் கட்டும்போது, எதற்காக இந்த இன்சூரன்ஸ் என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. பதில் வேறு பக்கத்தில் இருக்கிறது. நாளைக்கு வால்வு மாற்றவேண்டி வந்தால், நெட்வொர்க்குக்குள், அதாவது பிளானோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், மருத்துவமனைகளில், என் பங்கு அந்த ஆண்டுக்கான உச்சவரம்பில் நின்றுவிடும். 2025-க்கு சட்டம் அனுமதித்த உச்சம் ஒருவருக்கு 9,200 டாலர். அதற்கு மேல் முழுவதும் பிளானின் பொறுப்பு. ஆயுள் முழுக்க இவ்வளவுதான் தருவோம் என்று பழைய பாலிசிகளில் இருந்த வரம்பையும் இதே சட்டம் எடுத்துவிட்டது. வால்வு அறுவை சிகிச்சைக்கு இங்கே வரும் பில்லைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தடுப்புப் பரிசோதனைகளுக்கு டிடக்டிபிள் கிடையாது. என் கொலனாஸ்கோப்பி, மனைவியின் மேமோகிராம், மூவருக்கும் ஃப்ளூ ஊசி, எல்லாம் பூஜ்ஜியம்.

நெட்வொர்க் விஷயத்தில் கம்பெனி மீது எனக்குக் கோபம் உண்டு. அவர்களுடைய இணையப் பட்டியலில் நெட்வொர்க்குக்குள் என்று போட்டிருந்த இதய டாக்டரிடம் போனேன். மூன்று வாரம் கழித்து 1,840 டாலருக்கு பில். அவர் நான்கு மாதம் முன்பே நெட்வொர்க்கை விட்டுப் போய்விட்டாராம். போனில் பேசிய மூன்று பேரும் மன்னிப்புக் கேட்டார்கள், ஒருவரும் பில்லைத் தொடவில்லை. நல்லவேளை, அப்பாயிண்ட்மென்ட் வாங்கிய அன்று அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். பட்டியல் தவறாக இருந்து அதை நம்பிப் போனால் நெட்வொர்க் விலைக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2022 முதல் நடைமுறையில் உள்ள நோ சர்ப்ரைசஸ் சட்டம் சொல்கிறது. மேல்முறையீடு செய்யும் உரிமையும், அதுவும் தோற்றால் வெளியாள் ஒருவர் பரிசீலிக்கும் உரிமையும் 2010 சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டையும் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து அனுப்பினேன். ஏழு வாரம் ஆனது. பில் 412 ஆகக் குறைந்தது. ஆங்கிலத்தில் தயங்காமல் எழுதவும் சட்டம் தேடிப் படிக்கவும் தெரிந்ததால் எனக்கு இது முடிந்தது. எங்கள் தெருவில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒருவர் இதே மாதிரி பில்லை வாயை மூடிக்கொண்டு தவணையில் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் பெயர் பட்டியலில் இருந்தாலும் க்ளினிக்குக்குப் போன் செய்து, பிளானின் முழுப்பெயரைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள், பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

மகள் வடக்கே ஹௌட்டனில் படிக்கிறாள். 26 வயது ஆகும்வரை எங்கள் பிளானில் இருக்கலாம் என்பது சட்டம். ஆனால் எங்கள் பிளானின் நெட்வொர்க் தென்கிழக்கு மிச்சிகனோடு முடிந்துவிடுகிறது. அவசர சிகிச்சைக்கு எங்கே போனாலும் செல்லும், காய்ச்சலுக்குச் செல்லாது. பிள்ளைகளை வெளியூரில் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து வாங்கவும். எங்களுக்கு இதைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை.

இந்தச் சட்டம் இன்றுவரை நிற்பதே சாதாரண விஷயமில்லை. 2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்று தப்பியது. 2017 ஜூலையில் ஒருநாள் அதிகாலை ஒன்றரை மணிக்கு, மூளையில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு சில நாளே ஆகியிருந்த செனட்டர் ஜான் மெக்கெயின் கட்டைவிரலைக் கீழே காட்ட, ரத்து மசோதா 49-க்கு 51 என்று விழுந்தது. அன்று எனக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தது, இருந்தாலும் விழித்திருந்து பார்த்தேன். வேலையை விடலாம் என்ற எண்ணம் எனக்குள் முளைத்தது அந்த இரவில்தான் என்று சொன்னால் மிகையில்லை. விடுவதற்கு இன்னும் ஐந்து ஆண்டு ஆனது. டிங்கல் 2015 ஜனவரியில் ஓய்வு பெற்றார், 59 ஆண்டு உறுப்பினராக இருந்து. காங்கிரஸ் வரலாற்றில் அதைவிட நீண்ட காலம் இருந்தவர் யாரும் இல்லை. 2019 பிப்ரவரியில் டியர்பார்னில், 92 வயதில் காலமானார்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: படிவத்துக்கும் நேவிகேட்டருக்கும் ஐந்து, பிரீமியத்துக்கு நான்கு, டிடக்டிபிளுக்கு இரண்டு, கம்பெனியின் டாக்டர் பட்டியலுக்கு ஒன்று. நவம்பர் 1 அன்று அடுத்த ஆண்டுக்கான பதிவு தொடங்கும். நான் மீண்டும் எடுப்பேன், இந்த முறை ஹௌட்டனையும் சேர்த்துப் பார்த்து.

போன மாதம் எக்கோ எடுத்தேன், நெட்வொர்க்கில் இருப்பதை இரண்டு முறை உறுதி செய்துகொண்டு. வால்வு 1.7 சதுர சென்டிமீட்டர், போன ஆண்டு இருந்த அளவே. என்ன தொழில் செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். உதிரிபாகங்களுக்குத் தர ஆய்வு, சொந்தமாக, இரண்டு பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள் என்றேன். நல்லது, அடுத்த ஆண்டு வாருங்கள் என்றார்.